வரைபடம் மட்டும் பறப்பதில்லை

(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவி, கிளிஞ்சல்மேடு)

விஞ்ஞானி என்ற சொல்லுக்கு நம் நாட்டில் தனி மரியாதை உண்டு. பட்டறைக்காரர் என்ற சொல்லுக்கு அந்த மரியாதை இல்லை. வானை நோக்கி ஒரு ராக்கெட் கிளம்பும்போது அதைக் கற்பனை செய்தவரை நினைக்கிறோம், கணக்கிட்டவரை நினைக்கிறோம். அதைக் கடைந்து, பற்றவைத்து, இறுக்கி, அளந்து, துடைத்து அனுப்பியவர் நம் நினைவுக்கு வருவதேயில்லை. இது சரிதானா என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

படிப்பு முடிந்ததும் யார் யார் என்ன செய்யப் போகிறீர்கள் என்று எங்கள் வகுப்பில் ஒருநாள் பேச்சு எழுந்தது. வங்கித் தேர்வு என்றார் ஒருவர். பி.எட். என்றார்கள் நால்வர். காவல்துறை, எம்.எஸ்சி., துபாய் என்று பதில்கள் வந்தன. விமான, ராக்கெட் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் உற்பத்திப் பொறியாளராக வேண்டும் என்றேன் நான். உடனே மூன்று கேள்விகள் கிளம்பின. 'விஞ்ஞானி என்று சொன்னாலும் கேட்க நன்றாயிருக்கும், அதென்ன உற்பத்தி?' என்பது முதல் கேள்வி. 'கலைக் கல்லூரியில் படித்துவிட்டு அங்கே எப்படி நுழைவாய்?' என்பது இரண்டாவது. 'பெண்ணுக்கு எதற்குப் பட்டறை?' என்பது மூன்றாவது. வீட்டுக்கு வந்தால் என் தந்தை நான்காவதாக ஒன்று கேட்டார். 'அங்கெல்லாம் ஒரே அவசரம் என்கிறார்களே! அவசரத்தில் செய்த வேலை நிற்குமா?'

முதல் மூன்றுக்கும் விடை எளிது. நான்காவதுதான் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது.

உற்பத்தி என்றால் என்ன?

என் பெரியப்பா மகன் அண்ணன் டிப்ளமா படித்தவர். பெங்களூரில் விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் உற்பத்திப் பொறியாளராக இருக்கிறார். (நிறுவனத்தின் பெயர் இங்கு தேவையில்லை.) அவர் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நான் கேட்டுக் கேட்டு அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

வடிவமைப்பாளர் ஒரு வரைபடம் தருகிறார். இந்தத் துளையின் விட்டம் இவ்வளவு, பிழை போனால் 20 மைக்ரான் வரை போகலாம் என்று அதில் எழுதியிருக்கும். நம் தலைமுடி ஒன்றின் தடிமனே ஏறத்தாழ 70 மைக்ரான்! வரைபடத்தில் அதை எழுத ஒரு நிமிடம் போதும். செய்து காட்டுவது யார்? எந்தப் பக்கத்தை முதலில் கடைவது, எங்கே பிடிப்பது, எந்த வெட்டுளி, எவ்வளவு வேகம், எத்தனை பாகம் செய்தபின் வெட்டுளியை மாற்றுவது, நடுவில் எங்கே நிறுத்தி அளப்பது என்று ஒரு வழியை வகுப்பவர் உற்பத்திப் பொறியாளர். மெல்லிய சுவர் உடைய ஒரு பாகம் இயந்திரத்தின் பிடியில் இருக்கும்வரை அளவு சரியாகவே காட்டும். பிடியைத் தளர்த்தியதும் வளைந்து கொள்ளும். இதை எந்த வரைபடமும் சொல்லாது. கைதான் சொல்லும்.

நாம் படிக்கும் இயற்பியல் அங்கே புத்தகத்தை விட்டு இறங்கி வந்து நிற்கிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள அலுமினியத் துண்டு ஒரு டிகிரி வெப்பம் கூடினால் ஏறக்குறைய 23 மைக்ரான் நீளும். ஆகவேதான் நுண்ணளவு எடுக்கும் அறையை 20 டிகிரி செல்சியஸில் வைக்கிறார்கள். நம் காரைக்காலின் 35 டிகிரி வெயிலில் அதே துண்டை வைத்து அளந்தால் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் காட்டும். 20 மைக்ரானுக்கு வழக்காடும் இடத்தில் இது எவ்வளவு பெரிய பிழை! வெப்ப விரிவு என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு நாம் எழுதும் பாடம், அங்கே ஒரு பாகம் தேறுமா, குப்பைக்குப் போகுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு பாகத்தோடும் 'ரூட் கார்டு' என்ற ஒரு தாள் கூடவே பயணம் செய்யும். எந்த உலோகக் கட்டியிலிருந்து வந்தது, யார் கடைந்தார், யார் அளந்தார், எந்தக் கருவியால் அளந்தார் என்று எல்லாம் அதில் இருக்கும். பாகம் வானுக்குப் போய்விடும். தாள் இங்கே இருக்கும். நாளை ஒரு பழுது என்றால் அந்தத் தாள்தான் சாட்சி. ஒரு பாகத்துக்குச் சாதகக் குறிப்பு எழுதுவது போன்ற வேலை இது என்பார் அண்ணன்.

உழைப்பைக் கொடுத்து வாங்கிய எஞ்சின்

வரைபடம் கையில் இருந்தால் போதும், யாரும் செய்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு நம் நாட்டு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1954இல் காரைக்காலை விட்டுப் போன பிரெஞ்சுக்காரர்களிடமிருந்தே அந்தப் பாடத்தைப் பெற்றோம் என்பது நமக்குக் கூடுதல் சுவை.

1974இல் பிரான்சு நாட்டின் எஸ்.இ.பி. நிறுவனத்துடன் இஸ்ரோ ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அவர்கள் அப்போது உருவாக்கி வந்த வைக்கிங் என்ற திரவ எரிபொருள் எஞ்சினின் தொழில்நுட்பம் நமக்கு வேண்டும். ஈடாக நம் பொறியாளர்கள் நூறு மனித ஆண்டுகள் அவர்களுக்காக உழைத்துத் தர வேண்டும். அவ்வாறே நம்மவர்கள் சீன் ஆற்றங்கரையில் உள்ள வெர்னான் நகருக்குப் போய் உழைத்தார்கள். அந்தக் குழுவின் முன்னணியில் நின்றவர் நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன். காகிதத்தை மட்டும் வாங்கி வந்திருந்தால் அது அலமாரியில் தூங்கியிருக்கும். அவர்கள் கைப்பழக்கத்தையும் சேர்த்து வாங்கி வந்தார்கள்.

திரும்பி வந்த பிறகும் வேலை முடியவில்லை. அந்த எஞ்சினை நம் நாட்டு உலோகத்தில், நம் நாட்டுப் பட்டறைகளில், நம் தொழிலாளர் கைகளால் செய்தாக வேண்டும். கோத்ரெஜ், எம்.டி.ஏ.ஆர். போன்ற இந்தியத் தொழிற்சாலைகள் அதைக் கற்றுக்கொண்டன. 1985இல் இந்தியாவில் செய்த எஞ்சின் வெர்னானுக்கே எடுத்துச் செல்லப்பட்டு வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது. 'விகாஸ்' என்று பெயர் பெற்றது அதுதான். ஒப்பந்தத்துக்கும் சோதனைக்கும் நடுவே பதினொரு ஆண்டுகள்! பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்தில் எரிவது அந்த எஞ்சின். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற ராக்கெட்டிலும் இரண்டு விகாஸ் எஞ்சின்கள் இருந்தன. நிலவில் கால் வைத்த பெருமையை நாம் எல்லோரும் பங்கு போட்டுக் கொண்டோம். அந்த எஞ்சின்களைப் பற்றவைத்தவர்களுக்கு யாராவது பங்கு கொடுத்தோமா?

கலைக் கல்லூரி தடையா?

இரண்டாவது கேள்விக்கு நான் விடை சொல்வதைவிட மூன்று பெரியவர்களின் வாழ்க்கையே விடை சொல்லட்டும். டாக்டர் அப்துல் கலாம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்து 1954இல் பட்டம் பெற்ற பின்னரே சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியலுக்குப் போனார். இஸ்ரோவின் தலைவராக இருந்த சிவன் நாகர்கோவில் தெ.தி. இந்துக் கல்லூரியில் கணிதம் படித்தவர். 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைமைப் பொறுப்பை ஏற்ற நாராயணன் டிப்ளமாவில் தொடங்கியவர். பி.எஸ்சி. முடித்தவர்கள் பொறியியல் படிப்பின் இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரும் வழி இன்றும் இருக்கிறது. கதவு இல்லை என்பது பொய். தட்டுவோர் குறைவு என்பதே உண்மை.

மூன்றாவது கேள்விக்கு எங்கள் ஊர்க் கரைக்கு ஒருநாள் விடியற்காலை வந்து பாருங்கள். மீன் இறங்கியதும் ஏலத்தில் நின்று, விலை பேசி, கணக்கு முடித்து, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் பெண்கள். அந்த வேலையின் பாரத்தைப் பார்த்து 'பெண்ணுக்கு எதற்கு?' என்று யாரும் கேட்டதில்லை. மைக்ரோமீட்டரின் பாரம் அதைவிட அதிகமா?

அவசரம் என்ற நான்காவது கேள்வி

இப்போது என் தந்தையின் கேள்விக்கு வருகிறேன். அவர் மீனவர். பைபர் படகு பழுது பார்ப்பதிலும் கை தேர்ந்தவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். கிளிஞ்சல்மேட்டில் எல்லோரும் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது அப்போதுதான். ஜூன் 14 நள்ளிரவு தாண்டினால் படகு கடலில் இருக்க வேண்டும். ஆகவே அவசரம் என்றால் என்னவென்று அவருக்குப் புத்தகம் சொல்லித் தர வேண்டியதில்லை.

விரிசல் கண்ட இடத்தைத் தேய்த்து, ஈரம் போகக் காயவைத்து, கண்ணாடி இழை விரிப்பைப் போட்டு, ரெசினில் ஹார்டனர் கலந்து பூசி, உருளையால் உருட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டும். அது இறுகிய பிறகே அடுத்த விரிப்பு. ஈரம் காயுமுன் பூசினால் மேலே பளபளப்பாய் இருக்கும். ஆழ்கடலில் அலை அடிக்கும்போது படலம் படலமாய்ப் பிரியும். ராக்கெட்டின் உடலையும் மோட்டார் உறைகளையும் இழையும் ரெசினும் கொண்டு செய்யும்போது அஞ்சும் குறைகளும் இவையே: காற்றுக் குமிழ், படலம் பிரிதல். அங்கே மீயொலியும் எக்ஸ்ரேயும் வைத்துப் பார்க்கிறார்கள். என் தந்தை விரலால் தட்டி ஓசை கேட்டுப் பார்க்கிறார். அச்சம் ஒன்றே.

2004 டிசம்பர் 26 சுனாமியில் எங்கள் ஊர் பட்ட பாட்டை இங்கே விரிக்க வேண்டாம். அதன் பின் படகு இழந்தவர்களுக்கு உதவ நல்ல உள்ளங்கள் பல முன்வந்தன. கடலோரமெங்கும் புதுப்புதுப் படகுப் பட்டறைகள் முளைத்தன. சீக்கிரம், இன்னும் சீக்கிரம் என்று படகுகள் வார்க்கப்பட்டன. அவற்றில் பல தரம் குறைந்தவை என்று பின்னர் ஆய்வு செய்தவர்கள் எழுதினார்கள். கொடுத்தவர் மனத்தில் குறையில்லை. குறை வேகத்தில் இருந்தது. இதைக் கண்ணால் கண்டவர் கேட்கும் கேள்வியை எப்படித் தள்ளிவிட முடியும்?

விண்வெளித் துறையிலும் இன்று வேகமே மந்திரம். 2020இல் மத்திய அரசு இத்துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. 2022 நவம்பர் 18 அன்று ஐதராபாத்தின் ஸ்கைரூட் நிறுவனம் விக்ரம்-எஸ் ராக்கெட்டைச் செலுத்தியது. 2024 மே 30 அன்று சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் வார்த்த எஞ்சினைக் கொண்டு தன் ராக்கெட்டைப் பறக்கவிட்டது. பல பாகங்களைத் தனித்தனியே செய்து பற்றவைத்துச் சேர்க்கும் மாதக்கணக்கான வேலை அதில் நாட்கணக்காகச் சுருங்கியிருக்கிறது. இந்த வேகத்தை நான் வரவேற்கிறேன். காரணம், பற்றவைப்பு குறைந்தால் பழுதுக்கான இடமும் குறைகிறது. அந்த ராக்கெட்டும் சொன்ன நாளில் பறந்துவிடவில்லை. பலமுறை ஒத்திவைத்தார்கள், கடைசி நேரத்தில்கூட நிறுத்தினார்கள். நிறுத்தத் தெரிந்ததனால்தான் பறந்தது என்பேன்.

வேகத்தில் இருவகை உண்டு. பழகிப் பழகி, வீண் வேலைகளை நீக்கி வருவது ஒன்று. செய்ய வேண்டியதைத் தாண்டிக் குதித்து வருவது மற்றொன்று. கடிகாரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

இரண்டாவது வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2024 ஜனவரி 5 அன்று அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரிலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றில், கதவு இருக்க வேண்டிய இடத்தை அடைத்திருந்த பலகை நடுவானில் பிய்த்துக்கொண்டு போயிற்று. 177 பேர் உயிர் தப்பியது நல்லூழ். விசாரணையில் தெரிந்தது என்ன? அந்தப் பலகையைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்டுகளும் இல்லை. தொழிற்சாலையில் வேறொரு பழுதுக்காகப் பலகையைத் திறந்திருக்கிறார்கள்; திறந்ததற்கான தாள் எழுதப்படவில்லை. தாள் இல்லையென்றால் சோதனை இல்லை. சோதனை இல்லையென்றால் போல்ட் இல்லாததை யார் காண்பார்?

மற்றொன்று இன்னும் நமக்கு நெருக்கமானது. 2006 மார்ச் 24 அன்று ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் முதல் பால்கன்-1 ராக்கெட் பசிபிக் தீவொன்றிலிருந்து எழுந்து அரை நிமிடத்தில் எரிந்து விழுந்தது. எரிபொருள் குழாயை இறுக்கும் ஓர் அலுமினிய நட்டு கசிந்தது காரணம். முந்தைய நாள் அங்கே வேலை செய்த தொழிலாளர் சரியாக இறுக்கவில்லை என்றே முதலில் பேசப்பட்டது. பின்னர் நடந்த ஆய்வில், கடற்காற்றின் உப்பு அரித்து அந்த நட்டு வெடித்திருந்தது தெரியவந்தது. உப்புக் காற்று இரும்பையும் அலுமினியத்தையும் என்ன செய்யும் என்பது எங்கள் ஊர்ச் சிறுவனுக்கும் தெரியும்! நான் இதை எழுதுவது கேலிக்காக அல்ல. பழுது வந்ததும் பழி முதலில் எங்கே போய் விழுகிறது என்பதைக் காட்டவே. கைத்தொழிலாளிக்குப் பாராட்டில் பங்கில்லை. பழியில் மட்டும் முதல் பங்கு.

எனவே என் கருத்து இது. வேகம் கேட்கும் நிறுவனம், 'நிறுத்து' என்று சொல்லும் உரிமையைத் தன் கடைசித் தொழிலாளி வரை தர வேண்டும். அந்த உரிமை இல்லாத இடத்தில் வேகம் என்பது சூதாட்டம். என் அண்ணன் ஒருமுறை ஒரு திருகு முறுக்குக் கருவியின் அளவுச் சோதனைத் தவணை முடிந்துவிட்டதைக் கண்டு வேலையை நிறுத்தினார். இரண்டு நாள் தாமதம். மேலதிகாரி கடுமையாகப் பேசினார். சோதித்துப் பார்த்ததில் கருவி சரியாகவே இருந்தது. 'அப்படியானால் இரண்டு நாள் வீண்தானே அண்ணே?' என்று நான் கேட்டேன். 'சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம், இப்போது தெரிந்துகொண்டோம். நினைப்பதற்கும் தெரிவதற்கும் நடுவிலே இரண்டு நாள் ஆகும் தங்கச்சி' என்றார் அவர். அந்த ஆண்டு அவருக்குச் சம்பள உயர்வு குறைவாகவே வந்தது. இரவு இரண்டு மணிக்கும் தொலைபேசி அடிக்கும் வேலை அது. இதையெல்லாம் மறைத்து அந்த வேலையைப் பொன்னுலகம் என்று நான் எழுத மாட்டேன்.

நாம் என்ன செய்யலாம்?

பட்டறையில் போல்ட் இல்லாமல் தாளை மூடுகிற பழக்கம் பட்டறையில் பிறப்பதில்லை. அது செய்முறை வகுப்பில் பிறக்கிறது. சென்ற ஆண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவுகளை எழுதுவதும், விடை 'சரியாக' வருவதற்காகக் கண்ட அளவைத் திருத்துவதும் பல கல்லூரிகளில் யாரும் குற்றமென்றே எண்ணாத வழக்கங்கள். திருகு அளவியில் தவறான விடை கண்டவர் அதையே எழுதி, ஏன் தவறியது என்றும் எழுதினால் அவருக்கு முழு மதிப்பெண் தர வேண்டும். அழகான விடையைக் களவாடி எழுதியவருக்கு ஒன்றும் தரக்கூடாது. பேராசிரியப் பெருமக்கள் இதைச் செய்தால் அதைவிடப் பெரிய தொழிற்பயிற்சி வேறில்லை.

நம் மாவட்டத்திலேயே பாலிடெக்னிக் இருக்கிறது; என்.ஐ.டி. இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு வாரமாவது நம் இயற்பியல், கணித மாணவர்கள் அங்குள்ள பட்டறைகளில் நின்று ஒரு பாகத்தைக் கடைந்து அளந்து பார்க்க ஏற்பாடு செய்யலாம். மகேந்திரகிரியில் எஞ்சின்கள் சோதிக்கப்படுகின்றன. 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1963 நவம்பர் 21 அன்று நம் நாட்டு மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய தும்பாவும் ஒரு மீனவக் கிராமமே; அங்கிருந்த தேவாலயமே அலுவலகமாயிற்று. ராக்கெட்டுக்குக் கடற்கரை தேவைப்படுகிறது. ஏவும் நாளில் கடலுக்குப் போகாதே என்று கடற்கரை மக்களுக்குச் சொல்லவும் தெரிகிறது. உள்ளே வந்து வேலை செய் என்று சொல்லும் நாளும் வர வேண்டும். அந்த நாளுக்கு நாம் தகுதியோடு காத்திருக்க வேண்டும்.

'பதறாத காரியம் சிதறாது' என்பது நம் முன்னோர் மொழி. பதறாமல் விரையவும் முடியும் என்பதைத் தடைக்காலத்துக் கடைசி வாரத்தில் என் தந்தையின் கைகளில் நான் பார்த்திருக்கிறேன். ரெசின் இறுகும்வரை அவர் காத்திருப்பார். காத்திருக்கும் நேரத்தில் அடுத்த படகைத் தேய்ப்பார். யார் வந்து கத்தினாலும் ஈரத்தின் மேல் பூச மாட்டார். அவர் கேட்ட கேள்விக்கு என் விடை இதுதான்: அவசரத்தில் செய்த வேலை நிற்காது, விரைவாகச் செய்த வேலை நிற்கும். இந்த வேறுபாடு தெரிந்த கைகள் நம் கடற்கரையில் நிறைய இருக்கின்றன. அந்தக் கைகளுக்குப் படிப்பையும், அந்தப் படிப்புக்கு மரியாதையையும் கொடுப்போம். வரைபடங்கள் தாமே பறக்கத் தொடங்கிவிடும்.